இரண்டு வினாக்களும் ஒரு நாவலும்



‘இரு தோணியிற் கால் வைக்கலாகாது’ என்பது நம்மவரிடையே வழங்கும் முதுமொழி. பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டிற் குடியேறியவரை நோக்கி உலகம் நெடுங்காலமாக இவ்வறிவுரையையே கூறி வந்திருக்கிறது. ஆயினும், அவ்வாறு நின்றவன் தானே விரும்பி இரு தோணிகளிற் கால் வைத்தானா, அன்றி அவன் நின்ற ஒரே தோணியைப் பிறர் இரண்டாகப் பிளந்தனரா என்று ஆட்சியாளர் கேட்பது அரிது. அதனைக் கேட்டவர்கள் நாவலாசிரியர்கள். அத்தகைய நாவலொன்றையும் அதனை ஈன்ற வரலாற்றையும் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். நாவலின் பெயர் ‘நோ-நோ பாய்’. அதனை எழுதியவர் ஜோன் ஒக்காடா. வெளிவந்த ஆண்டு 1957.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யப்பானியர் பலர் அமெரிக்காவின் மேற்குக் கரையிற் குடியேறினர். வயல்களிலும் புகையிரதப் பாதைகளிலும் உழைத்தனர். சிறு கடைகள் வைத்துப் பிழைத்தனர். இவர்களை ‘இசேய்’, அதாவது முதலாந் தலைமுறையினர், என்பர். அமெரிக்கச் சட்டம் இவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கவில்லை. தக்காவோ ஒசாவா என்பவரின் வழக்கில், யப்பானியர் வெள்ளையரல்லர் ஆதலின் அவர்கள் பிரசைகளாகப் பதிவுபெற இயலாது என 1922இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952 வரை அத்தடை நீங்கவில்லை. ஆனால், அமெரிக்க மண்ணிற் பிறந்த அவர்தம் மக்களோ பிறப்பினாலேயே பிரசைகள். இவர்களை ‘நிசேய்’, இரண்டாந் தலைமுறையினர், என்பர். எனவே ஒரே கூரையின் கீழ், ஒரே உலைச்சோற்றை உண்டு வாழ்ந்த குடும்பத்திற் பெற்றோர் அந்நியராகவும் பிள்ளைகள் பிரசைகளாகவும் இருந்தனர்.

1941 டிசெம்பர் 7ஆம் நாள் யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பெப்ரவரி 19ஆம் நாள் சனாதிபதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்க நிருவாகக் கட்டளையிற் கையொப்பமிட்டார். அதன் பயனாக ஏறத்தாழ 120,000 பேர் வீடு வாசலை விட்டு, கையிற் சுமக்கக் கூடியவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒதுக்குப்புறமான நிலங்களில் அமைக்கப்பட்ட பத்து முகாம்களுக்குச் சென்றனர். இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள்.

முள்வேலிக்குள் அடைத்த பின்னரே அரசு அவர்களின் விசுவாசத்தைப் பற்றி வினவியது. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முகாம்களில் இருந்த 17 வயதும் அதற்கு மேற்பட்டோரும் வினாக்கொத்தொன்றை நிரப்புமாறு பணிக்கப்பட்டனர். அதன் 27ஆம் வினா, கட்டளையிடும் இடத்திற் போர்புரியச் சித்தமா என இளைஞரைக் கேட்டது. 28ஆம் வினா, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் பூண்டு, யப்பானியச் சக்கரவர்த்திக்குரிய பற்றைத் துறப்பீரா எனக் கேட்டது.

இவ்வினாவில் உள்ள இடரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சக்கரவர்த்தியை ஒருநாளும் தன் அரசனாகக் கருதாத இளைஞன் ‘ஆம், துறக்கிறேன்’ என்றால், முன்னர் அப்பற்று தனக்கு இருந்ததென ஒப்புக்கொண்டவன் ஆகிறான். அவனுடைய தாயோ, அமெரிக்கப் பிரசாவுரிமை மறுக்கப்பட்டவள். அவள் ‘ஆம்’ என்றால் எந்நாட்டுக்கும் உரியவளல்லாத ஏதிலி ஆவாள். முதலாந் தலைமுறையினர்க்கு அவ்வினாவைப் பின்னர் மாற்றியமைக்க நேர்ந்தது. ‘இல்லை’ என்றவருள் தம் குடும்பத்தைச் சிறை வைத்த அரசின்மேற் சினங்கொண்டவரும் இருந்தனர். பெற்றோரைப் பிரிய அஞ்சியவரும் இருந்தனர். யப்பானை நேசித்தவரும் இருந்தனர். வினாக்கொத்தோ சொல்லை மாத்திரமே பதிந்தது. அதன் காரணத்தைப் பதியவில்லை. இரு வினாக்களுக்கும் ‘இல்லை’ என்றவரையே ‘நோ-நோ பாய்’ என இகழ்ந்தனர். விசுவாசமற்றோர் எனக் கருதப்பட்டோர் கலிபோர்னியாவிலுள்ள தூல் ஏரி முகாமிற் சேர்க்கப்பட்டனர்.

நிசேய் இளைஞர் பலர் 442ஆம் படைப்பிரிவிற் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டு, அளவிறந்த உயிரிழப்புக்கிடையே பெரும் புகழ் ஈட்டினர். 1944இற் கட்டாய இராணுவ சேவை முகாம்களுக்கும் விரிவாக்கப்பட்டபோது, ஏறக்குறைய 300 பேர் மறுத்தனர். அவர்களுட் பலர் சிறை சென்றனர். 1947 டிசெம்பரிற் சனாதிபதி ட்ரூமன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஒக்காடாவின் கதாநாயகனாகிய இச்சிரோ, படைச்சேவையை மறுத்தவருள் ஒருவன். முகாமில் இரண்டாண்டும் சிறையில் இரண்டாண்டும் கழித்துத் தன் ஊராகிய சியாற்றிலுக்குத் திரும்புகிறான். வீதியில் அவனைக் கண்டு காறி உமிழ்பவன் வெள்ளையனல்லன். போர்முனையிலிருந்து மீண்ட யப்பானிய இளைஞனே. உடன்பிறந்த தம்பி, தமையனால் வந்த வசையைத் துடைக்கவென்றே படையிற் சேர விரைகின்றான். தாயோ, போரில் யப்பானே வென்றது என நம்பிக் கப்பலின் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். யப்பானிலுள்ள உறவினர் பசியால் வாடி எழுதும் கடிதங்களையும் பகைவரின் சூழ்ச்சியென ஒதுக்குகின்றாள். உண்மையை மறுக்க இயலாத நாள் வந்தபோது அவள் உயிர் தரிக்கவில்லை.

இச்சிரோவின் நண்பன் கெஞ்சி போரிற் காலிழந்தவன். பதக்கமும் உபகாரச் சம்பளமும் பெற்றவன். ஆயினும் ஆறாத புண் அவனைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. ‘ஆம்’ என்றவன் மடிகிறான். ‘இல்லை’ என்றவன் வாழ வழியறியாது திரிகிறான். இருவரையும் அருகருகே நிறுத்தி, இவர்களுள் எவனுடைய இழப்புப் பெரிது என நம்மை எண்ண வைக்கிறார் ஆசிரியர். மறுத்தவனை அவர் வீரனாக்கவில்லை, போரிட்டவனைப் பழிக்கவுமில்லை.

ஒக்காடா தாமே ‘ஆம்’ என்ற கட்சியைச் சேர்ந்தவர் என்பது இங்கே கருதத் தக்கது. 1923இற் சியாற்றிலிற் பிறந்த அவர், தம் குடும்பம் ஐடஹோவிலுள்ள மினிடோக்கா முகாமில் இருக்க, அமெரிக்க விமானப் படையிற் பணியாற்றியவர். தாம் செல்லாத வழியிற் சென்றவனின் நெஞ்சிற் புகுந்து எழுதியதே அவர் நூலின் பெருமை.

ஆனால் அந்நூலை அவருடைய சமூகம் வரவேற்கவில்லை. முகாம் வாழ்வை மறந்து, நற்பிரசைகளெனப் பெயரெடுக்க முயன்ற காலம் அது. பழம்புண்ணைக் கிளறியவரை எவரும் விரும்பவில்லை. முதற் பதிப்பின் 1,500 பிரதிகளும், 1971இல் அவர் தமது 47ஆம் வயதிற் காலமானபோது, விற்றுத் தீர்ந்திருக்கவில்லை. ஆசிய அமெரிக்க இளம் எழுத்தாளர் சிலர் 1976இல் நூலை மீண்டும் பதிப்பித்தனர். அதன் பின்னரே அது பல்கலைக்கழகங்களிற் பாடநூலாயிற்று.

அரசின் மனமாற்றமும் மெல்லவே வந்தது. 1988இல் இயற்றப்பட்ட சட்டம், உயிரோடிருந்த முகாமினர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டொலர் வழங்கி, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரியது. சமூகத்தின் மனமாற்றம் இன்னும் பிந்தியது. படைச்சேவையை மறுத்தோரை அன்று கண்டித்த யப்பானிய அமெரிக்கப் பிரசைகள் கழகம், 2002ஆம் ஆண்டிலேயே அவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில் வெளிவந்தது ஜூலி ஒட்சூக்காவின் ‘சக்கரவர்த்தி தெய்வமாயிருந்தபோது’ என்னும் நாவல். பெயரற்ற குடும்பமொன்று அதில் முகாமுக்குச் சென்று மீள்கிறது. நூலின் இறுதியிலே, செய்யாத குற்றங்களையெல்லாம் செய்ததாகத் தந்தையின் குரல் கசப்போடு ஒப்புக்கொள்கிறது. ‘நீ யார் பக்கம்?’ என ஓயாது கேட்கப்பட்டவன், ஈற்றில் அளிக்கக் கூடிய விடை அதுவே போலும்.

குடியேறியோர் உள்ளத்தில் இருநாட்டுப் பற்று இருத்தல் இயல்பு. தாய்வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒருங்கே நேசிக்கும் பெண்ணை எவரும் ஐயுறுவதில்லை. ஒன்றைத் துறந்தாலன்றி மற்றதில் இடமில்லை என்று கூறும்போதே அவ்வன்பு பிளவுபடுகிறது. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களுக்கு மேல் இடமளியாத தாளில் எழுத முடியாது போனவற்றை, ஒக்காடா ஒரு நாவலில் எழுதி வைத்தார். அவர் காலத்தவர் வாசியாது விட்ட அந்நூலை இன்று நாம் வாசிக்கலாம்.