இரண்டாவது சோதனை

இன்று ஒரு டேனிஷ் மருத்துவரின் ரத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பெயர் கிரேதே ராஸ்க். டென்மார்க்கின் வடமேற்கில் உள்ள திஸ்டெட் ஊரில் 1930இல் பிறந்தவர், அறுவைசிகிச்சை நிபுணர். 1972 முதல் ஸையர் நாட்டில், இன்றைய காங்கோவில், அபுமொம்பாசி என்ற கிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தார். கையுறை இல்லாத நாட்களில் வெறும் கையோடு அறுவைசிகிச்சை செய்தார். என்னைப் போன்ற நர்ஸுகளுக்கு அந்த ஒரு தகவல் போதும், வயிறு கலங்கும்.

பிறகு கின்ஷாசா. உடல் மெலிந்தது, நிணநீர்க் கணுக்கள் வீங்கின. 1977இல் மூச்சுவிட முடியாமல் நாடு திரும்பினார். டிசம்பர் 12 அன்று, 47 வயதில் இறந்தார். நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ் கிருமி. நல்ல நோயெதிர்ப்பு உள்ளவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இவருடைய எதிர்ப்பு எங்கே போனது? எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது இல்லை.

அவருடைய நண்பர், மருத்துவர் இப் பிக்பியெர்க், அந்தக் கேள்வியை விடவில்லை. அது எய்ட்ஸ்தான் என்று 1983இல் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார்.

நிரூபிப்பது எப்படி? எச்.ஐ.வி. நம் வெள்ளணுவின் மரபணுவுக்குள் தன்னுடையதைச் செருகிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆனால் அதற்கெதிராக உடல் செய்த ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எலிசா சோதனையில் வைரஸின் புரதங்களைத் தட்டில் ஒட்டி, அதன்மேல் சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் பற்றிக்கொள்ளும். கடைசியில் நிறம் மாறும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து வைப்பதால், உடல் குறிவைத்தது உறையிலுள்ள ஜிபி 120ஐயா, உள்ளிருக்கும் பி 24ஐயா என்பது கோடுகோடாகத் தெரியும்.

ராஸ்கின் ரத்தத்தை முதலில் ஒருமுறை சோதித்தார்கள். நெகட்டிவ். 1987இல் வேறு இரண்டு முறைகளில் மறுபடியும் சோதித்தார்கள். இரண்டிலும் பாசிட்டிவ்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1986இல், நம் சென்னையில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

நெகட்டிவ் தாளை வாங்கியதும் கிளம்பப் பார்ப்பவரிடம், "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வந்துடுங்க" என்பேன். தொற்றின் ஆரம்பத்தில் ஆன்டிபாடி உருவாகியிருக்காது. ராஸ்க் விஷயம் வேறு, அங்கே தவறியது சோதனை. ஆனாலும் அவர்கள் முகம் சுளிக்கும்போது எனக்கு அந்த முதல் முடிவு ஞாபகம் வந்துவிடும். தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுப்பேன்.