தோளில் ஏறிய மூங்கில்

சிராவண மாதம் வந்தால் கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் தெருப் பிள்ளைகள் தாரகேஸ்வரத்துச் சிவன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். தோளில் பாங்க்; நம் காவடித் தண்டுதான். வைத்யபாட்டித் துறையில் கங்கை நீரை முகந்து, இரு முனையிலும் குடம் தொங்க, முப்பது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்பார்கள். இயற்பியல் வாத்தியாரான எனக்குக் கண் தண்டிலேயே நிற்கும். உடல் எழும்போது மூங்கில் கூடுதலாக வளைகிறது, தாழும்போது நிமிர்கிறது. ஆள் ஏறி இறங்க, குடம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகிறது.

அப்படியானால் சுமப்பவருக்கு உழைப்பு மிச்சமா? 1991இல் ராஜர் கிராம் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். உடல் எடையில் 19 விழுக்காடு சுமையை வளையும் தண்டுகளில் தொங்கவிட்டு நான்கு பேரை ஓடச் செய்தார். அவர்களின் ஆக்சிஜன் செலவு 22 விழுக்காடு கூடியது. மூச்சு மிச்சமாகவில்லை, தோளில் விழும் உச்ச அழுத்தம்தான் குறைந்தது. நாள் முழுக்கச் சுமப்பவருக்கு அதுவே பெரிய காரியம்.

ஆற்றலைச் சேர்த்துத் திருப்பித் தரும் வில் நம் காலிலேயே இருக்கிறது. 70 கிலோ ஆள் விரைந்து ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கைமாறும் சுமார் 100 ஜூலில் குதிகால் நாண் 35ஐயும் பாத வளைவு 17ஐயும் சேமிப்பதாக மக்நீல் அலெக்சாந்தர் குழுவினர் 1987இல் கணக்கிட்டார்கள்.

அந்தக் கால்களை நம்பித்தான் கல்கத்தா நகர்ந்தது. 1698 நவம்பர் 10 அன்று, இங்கே பரிஷாவில், சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்து ஆட்சாலா மண்டபத்தில்தான் சுதாநுட்டி, கோவிந்தபூர், கலிகாதா மூன்று ஊர்களும் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. அவை நகரமானபின் அதன் கனவான்களைப் பல்லக்கு சுமந்தது. பல்லக்கைச் சுமந்தவை பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வந்த தோள்கள். பல்லக்கின் தண்டு பாங்க் போலத் துள்ளாது. தூக்கும் நால்வரும் ஒரே நொடியில் காலை ஊன்றினால் நால்வரின் ஏற்ற இறக்கமும் ஒன்றுசேர்ந்து உள்ளே இருப்பவரை உலுக்கிவிடும். அடி மாறி விழுந்தால் ஒருவர் எழும்போது இன்னொருவர் தாழ்வார், குலுக்கல் அடங்கும். சவாரியின் சுகம் முழுக்க அந்தக் கால்களின் வித்தை.

1827இல் நகரக் காவல்துறை பல்லக்குத் தூக்கிகளுக்கு எண் பொறித்த வில்லையையும் நேரக் கணக்கில் கட்டணத்தையும் விதித்தது. ஒடிசாக்காரர்கள் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். நகரம் திண்டாடியது. பிரௌன்லோ என்ற வெள்ளைக்காரர் தன் பல்லக்குக்குச் சக்கரம் மாட்டிக் குதிரையைப் பூட்டிவிட்டார். அந்த வண்டி பிரௌன்பெரி என்று பெயரெடுத்தது.

நம் தொழிலாளர் வரலாற்றின் முதல் வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. பதினோராம் வகுப்புக்கு அலைவியக்கம் நடத்தும்போது 1827ஐயும் சேர்த்தே நடத்துகிறேன். பல்லக்குக்குள் இருந்தவருக்குக் குலுங்கவில்லை என்பதோடு அந்தக் கணக்கை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.