ராகிக் கொல்லைக்கு யானை ஏன் வருகிறது?

காட்டு யானை ஆராய்ச்சி என்றால் நமக்கெல்லாம் ஆப்பிரிக்காதான் ஞாபகத்துக்கு வரும். டிவி பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா! 1960களில் இயான் டக்ளஸ்-ஹாமில்டன் தான்சானியாவின் மன்யாரா ஏரிப் பகுதியில் காதின் கிழிசலையும் தந்தத்தையும் வைத்தே ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டார். அதே மாதிரி ஒரு வேலை நம் தர்மபுரிக் காடுகளின் தொடர்ச்சியான மலைகளிலும் நடந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

அதற்கு முன் நம் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதியவர்கள் வேட்டைக்காரர்கள். தர்மபுரி சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே (1965இல்தான் தனி மாவட்டம்) பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளைப் பற்றி கென்னத் ஆண்டர்சன் எழுதினார். ஊருக்குள் வந்து ஆளைக் கொல்லும் யானையைப் போக்கிரி யானை என்று அறிவித்துச் சுடுவதுதான் அன்றைய வழக்கம்.

'ஏன் வருகிறது?' என்று கேட்டவர் சென்னையில் பிறந்த ராமன் சுகுமார். பெங்களூரு இந்திய அறிவியல் கழக மாணவராக 1981 முதல் 1983 வரை சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்தார். யானை எதைத் தின்கிறது, எந்த மாதத்தில் எங்கே போகிறது, எந்த வயலில் எத்தனை இரவு மேய்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கிடைத்த விடை சுவாரஸ்யமானது. காட்டுப் புல்லைவிட ராகி போன்ற பயிரில் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம். வளர்ந்த ஆண் யானை சராசரியாக ஆண்டுக்கு 49 இரவுகள் வயலுக்கு வந்தது. குடும்பக் கூட்டத்து யானையோ 8 இரவுகள்தான். நல்ல தீனி தின்று உடம்பு வளர்ந்தால்தான் ஆணுக்கு இணை கிடைக்கும். அதற்காக அது ஆபத்தையும் பார்ப்பதில்லை.

2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பயிரைத் தின்ற மக்னாவை (தந்தமில்லாத ஆண்) பிடித்து ஆனைமலையில் விட்டார்கள். அது கோவை வரை நடந்தே வந்துவிட்டது! மறுபடி பிடித்து விட்டார்கள். மறுபடியும் வயலுக்கு வந்தது. இடத்தை மாற்றினால் யானையின் பழக்கம் மாறுமா?

அடுத்த மாதமே மாரண்டஹள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. 8 இரவுகள் மட்டுமே வரும் வகையைச் சேர்ந்தவை இவை. வேலிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ஒரே ராத்திரியில் ஒரு போக விளைச்சலை இழக்கும் விவசாயியின் கோபம் நியாயமானதே. ஆனால் எந்த யானை, எந்த மாதம், எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் காவலை அங்கே போடலாம், நஷ்ட ஈட்டையும் காலத்தில் தரலாம். அந்த விவரம் காட்டில் நடந்து திரிந்தவர்களின் நோட்டுப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.