செல்ஃப் எடுக்கல: ஒரு சாவிக்குப் பின்னால் இருக்கும் நூறு வருஷக் கதை

இந்த எபிசோடு ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. டிக், டிக், டிக், டிக்.

போன மார்கழி. காலை அஞ்சரை மணி. திருப்பூர்–பல்லடம் ரோட்டுல இருக்கிற அருள்புரத்துல எங்க வீட்டு வாசல். எட்டு மணிக்குக் கோயம்புத்தூர்ல அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அப்பாவை உட்காரவெச்சு சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு லைட் எல்லாம் எரியுது, ஆனா செல்ஃப் எடுக்கல. வெறும் டிக் டிக்தான்.

நண்பனுக்குப் போன் போட்டேன். “பேட்டரி போச்சு மாப்ள, புதுசு வாங்கிரு”ன்னான். அந்த நேரத்துல எந்தக் கடை திறந்திருக்கும்?

அப்பா அந்தக் காலத்துல அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். இப்போ கண்ணு சரியா தெரியாது. காது மட்டும் அப்படியே இருக்கு. “ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்பு கண்ணு. லைட் என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லு” என்றார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது புரிய, நாம கொஞ்சம் பின்னாடி போகணும்.

அப்பாவோட வலது மணிக்கட்டு லேசா கோணலா இருக்கும். பழைய அம்பாசிடரில் பேட்டரி இறங்கிட்டா, முன்னாடி ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் சொருகிக் கையால சுத்தணும். பிஸ்டன் மேலே போய்ச் சேர்றதுக்குள்ள ஸ்பார்க் வந்துட்டா, எஞ்சின் தலைகீழா சுழன்று ஹேண்டில் திருப்பி அடிக்கும். அப்படி ஒரு நாள் அடிச்சதுதான் அது. உலகம் முழுக்க இத்தனை பேருக்கு இப்படி உடைஞ்சதால, மணிக்கட்டுப் பக்கத்து எலும்பு முறிவு ஒன்றுக்கு டாக்டர்கள் ‘சோஃபர் ஃபிராக்சர்’, அதாவது டிரைவர் முறிவு என்றே பெயர் வைத்தார்கள். அதனாலதான் ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கணும், சுற்றிப் பிடிக்கக் கூடாதுன்னு பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பாங்க.

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் 1908இல் இறந்தார். வழியில் நின்றுபோன ஒரு காருக்கு ஹேண்டில் போட உதவப் போய், அது தாடையில் அடித்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். கதையின் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் காடிலாக் கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்ட் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். அந்த வேலை சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினியரிடம் வந்தது.

அதுவரை இருந்த சிக்கல் இதுதான்: எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு மோட்டார் வைத்தால், அது காருக்குள் அடங்காது. கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கேஷ் ரெஜிஸ்டருக்கு மின்மோட்டார் செய்தவர். கல்லாப்பெட்டி திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், ஒரு நொடி ஓடினால் போதும். அந்த ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரில் அளவுக்கு மீறிக் கரண்டைப் பாய்ச்சினாலும் அது தாங்கும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டு வந்தார். 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. லைட், ஸ்பார்க், ஸ்டார்ட்டர் மூன்றுக்கும் ஒரே பேட்டரி. வண்டி ஓடும்போது அதை சார்ஜ் செய்ய ஒரு ஜெனரேட்டர். இன்னைக்கு நம்ம கார் வரைக்கும் அடிப்படை இதுதான்.

கை உடைவது நின்றது. பதிலுக்கு, மொத்தக் காரும் ஒரு பெட்டியையும் இரண்டு ஒயரையும் நம்ப ஆரம்பித்தது. பழைய கார்களில் பேட்டரி படுத்தால் ஹேண்டிலாவது இருந்தது. பிறகு அதுவும் போனது.

கெட்டரிங்கின் அந்த ‘ஒரு நொடி’யில்தான் நம்ம பிரச்சினைக்கான பதிலும் இருக்கு. டேஷ்போர்டு லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். சின்னக் காரின் ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல வேணும். பேட்டரி இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலும், நூறு ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட் அங்கேயே காலி. 12 வோல்ட்டில் 5 போனால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுத்தும்? அதனால ‘லைட் எரியுது, அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு’ன்னு நினைக்கிறதும் தப்பு, ‘செல்ஃப் எடுக்கல, அப்போ பேட்டரிதான் போச்சு’ன்னு நினைக்கிறதும் தப்பு.

அப்பாவோட ஹெட்லைட் சோதனை இதுக்குத்தான். சாவியைத் திருப்பும்போது லைட் அப்படியே பளிச்சுன்னு இருந்தா, பெரும்பாலும் ஸ்டார்ட்டர், சாலினாய்டு, சாவி சுவிட்ச் பக்கம் பார்க்கணும். லைட் மங்கி அணையப் பார்த்தா, பேட்டரி இறங்கியிருக்கு, இல்லைன்னா இணைப்பு சரியில்ல. செல்ஃப் நல்லா சுத்தியும் வண்டி கிளம்பலைன்னா கதையே வேற. பெட்ரோல், ஸ்பார்க், சென்சார், சாவியில் இருக்கும் இம்மொபிலைசர் சிப் என்று தேடணும்.

எனக்கு லைட் மொத்தமா மங்கிடுச்சு. சொன்னேன்.

“பேட்டரி டெர்மினல் ரெண்டையும் தொட்டுப் பாரு. எது சூடு?”

மைனஸ் பக்கம் சுட்டது. டார்ச் அடிச்சுப் பார்த்தா பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கிடக்கு. அப்பா சொல்லச் சொல்லச் செய்தேன். சாவியை எடுத்தாச்சு. மைனஸை முதல்ல கழட்டணும். பிளஸை முதல்ல கழட்டினா, ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி வரும். பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் கூடாது. டெர்மினல்ல வெந்நீர் ஊற்றி, துடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே செல்ஃப்!

ஆபரேஷனுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர் மீட்டர் வெச்சுப் பார்த்தார். நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நல்லாவே இருந்தது. புதுசு வாங்கியிருந்தா பல ஆயிரம் ரூபாய் வீண்தான்.

‘என்னுது எலக்ட்ரிக் கார், இந்தத் தொல்லை இல்லை’ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அதுலயும் தனியா ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. அது படுத்துட்டா, பெரிய பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தாலும் வண்டி எழுந்திரிக்காது.

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு அப்பா முதல்ல கேட்டது, “பானெட்டைத் தூக்கு, நீ எப்படி இறுக்கியிருக்கேன்னு பாக்கறேன்.” பார்த்துட்டு, ஸ்பேனரை வாங்கி இன்னும் கால் சுற்று இறுக்கினார். அந்தக் கோணல் மணிக்கட்டாலதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்கு முன்னாடி, உங்க வண்டி டெர்மினலை ஒரு தடவை பார்த்துடுங்க.