ஒரே ஒரு அடியில் போன பதக்கம்

பிரிட்டிஷ்காரர்கள் 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பவானிக்காரனான என்னை அந்த ஆட்டத்தைப் பார்க்க வைத்தவர் பெங்களூருப் பெண் அதிதி அசோக்தான்.

ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் 1900-க்குப் பிறகு 2016-ல்தான் திரும்ப வந்தது. அந்த ரியோ போட்டியில் 18 வயது அதிதிக்கு 41-வது இடம். அடுத்தது டோக்கியோ. தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர், அம்மா கேடியாக உடன் வர, மூன்று சுற்றுகள் முடிந்தபோது இரண்டாம் இடத்தில் நின்றார்!

கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. கடைசிச் சுற்று 2021 ஆகஸ்ட் 7 காலை. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 267. வெண்கலம் வென்ற லிடியா கோ 268. நம்ம அதிதி 269. நான்காம் இடம்!

அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். நாடே கொண்டாடியது, நானும்தான். காலையில் நடந்தது பின்னால் போய்விட்டது.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதிதி வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம் அது. ஆனாலும் எனக்குப் பெரியது டோக்கியோதான். பதக்கப் பட்டியலை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அந்த 269 அடிகளுக்கு அதில் இடமே இருக்காது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.