இயன்முறை மருத்துவம்: ஒரு படிப்பின் முன்கதை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ளது பெருமுக்கல். குன்றின்மேல் முக்தியாசலேசுவரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், குகையொன்றில் தொல்பழங்காலப் பாறைக் கீறல்கள் எனக் காண்பதற்கு நிறைய உண்டு. அவற்றைக் காணச் சென்றிருந்தபோது உடன் ஏறிவந்த உள்ளூர்க்காரர், நான் கல்லூரி ஆசிரியர் என்றறிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, பொண்ணு இயன்முறை மருத்துவம் படிக்கணும்னு நிக்குது. அவ்வளவு செலவு பண்ணிப் படிச்சு, கைகால் நீவிவிடத்தான் போவுதுன்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. சேக்கலாமா?"

கேட்டவரின் வலக்கை என் கண்ணில் பட்டது. கல்லுடைக்கும் வேலையில் முறிந்த கை. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. கட்டுப் பிரித்தபின் அவற்றை அசைத்துப் பழக்க வேண்டுமென்று அவருக்கு எவரும் சொல்லவில்லையாம். அன்று சுருக்கமாகச் "சேருங்கள்" என்றேன். அதற்கான காரணங்களை இங்கே விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கல்+மலை கன்மலை ஆவதுபோல, இயல்+முறை இயன்முறை ஆயிற்று. இயல் என்பதற்குத் தன்மை என்ற பொருளை மட்டுமே இன்று அறிவோம். நடத்தல், அசைதல் என்னும் பொருள்களும் பழைய இலக்கியத்தில் அச்சொல்லுக்கு உண்டு. அசைவை மீட்கும் மருத்துவத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

உறவினரின் ஏளனமும் புதியதன்று. 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனமொன்றைத் தொடங்கி இத்துறைக்கு வித்திட்டார். 1894இல் இலண்டனில் செவிலியர் நால்வர் சங்கம் கண்டனர். நீவிவிடும் தொழிலின் பேரால் நடந்த முறைகேடுகளால் அத்தொழிலுக்கே களங்கம் வந்திருந்த காலம் அது. முறையான பயிற்சியும் தேர்வும் ஒழுங்குமே அவர்கள் அளித்த மறுமொழி. பின்னர் முதல் உலகப்போரில் ஊனமுற்ற வீரர்களும் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளும் இத்துறையின் தேவையை உலகுக்கு உணர்த்தினர். பம்பாயிலும் இளம்பிள்ளை வாதம் பரவியதன் தொடர்ச்சியாகவே, 1953இல் அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்முறை மருத்துவப் பள்ளி உருவாயிற்று.

நம் பக்கத்துக் கதை செங்கற்பட்டில் தொடங்குகிறது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றபோது, விரல்கள் மடங்கி முடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். பிடியின் வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கைத் தசைகள் உயிரோடிருப்பதை அந்தப் பிடி காட்டிற்று. நலமான தசையின் நாணை எடுத்து முடங்கிய விரலில் பொருத்தும் அறுவை முறை வேலூரில் வளர்ந்தது இதன் பின்னரே.

ஆனால் அறுவையோடு பணி முடிவதில்லை. இறுகிய மூட்டுகளை அதற்கு முன்பே நெகிழ்த்த வேண்டும். மாவுக்கட்டுப் பிரித்தபின், ஒரு வேலை செய்துவந்த தசைக்கு வேறொரு வேலையைக் கற்பிக்க வேண்டும். மூளையும் விரலும் புதிதாக அறிமுகமாக வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இப்பயிற்சியைத் தருபவர் இயன்முறை மருத்துவர். அவரின்றேல் அறுவையின் பயன் பெரும்பகுதி வீணே.

அதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

இந்தியா 2014இல் இளம்பிள்ளை வாதமற்ற நாடாகச் சான்று பெற்றது. இத்துறையை இங்கு வளர்த்த நோய் அகன்றும் தேவை அகலவில்லை. பக்கவாதமும் சாலை விபத்தும் முதுமையும் அவ்விடத்தை நிரப்பிவிட்டன. படிப்போ எளிதன்று. உடற்கூறு, உடலியங்கியல், அசைவின் விசையியல், மின்சிகிச்சை, பின்னர் எலும்பு, நரம்பு, இதய நுரையீரல் நோய்கள் என விரியும். ஆறுமாத மருத்துவமனைப் பயிற்சியோடு நாலரை ஆண்டுகள் என்பதே நெடுநாள் நடைமுறை. 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்வழி அமைந்த ஆணையம் 2025இல் வெளியிட்ட பாடத்திட்டம், ஓராண்டுப் பயிற்சியுடன் ஐந்தாண்டுகளாக அதை நீட்டியுள்ளது. செலவிருக்கிறது, தொடக்க ஊதியம் பல இடங்களில் குறைவென்பதையும் மறைப்பதற்கில்லை. குன்றிலிருந்து இறங்கும்போதே அதையும் அவரிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன்: "உங்கள் கட்டுப் பிரித்த நாளில் இதைப் படித்த ஒருவர் அருகிலிருந்திருந்தால், இந்த விரல்கள் மடங்கியிருக்கக் கூடும்." அவர் சற்று நேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விண்ணப்பம் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார்.