ஊவா மலையின் துரைமார் பங்களாக்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகின்றது. மற்றொன்று கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. அச்சந்தியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு, பனிமூட்டம் விலகும் வேளைகளில், தேயிலைச் சரிவுகளின் முகட்டில் புகைபோக்கியுடன் கூடிய பங்களாக்கள் சில தென்படும். ஒரு காலத்தில் துரைமார் மட்டுமே உறங்கிய அவ்வீடுகளிற் பலவற்றில், இன்று பணம் செலுத்தும் எவரும் தங்கலாம். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

உழைப்பிடம் விருந்தினர் இல்லமாவது உலகிற் புதிதன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணையார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, நகரத்தாரைக் கட்டணம் பெற்றுத் தங்க வைத்தனர். கிராம வழக்கம் அறியாத பட்டணத்தானை அங்கு ‘டூட்’ என்று கேலியாக அழைப்பர். அதனால் அப்பண்ணைகளுக்கு ‘டூட் ராஞ்ச்’ என்ற பெயர் நிலைத்தது. 1926இல் அப்பண்ணையார்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். அரிசோனாப் பாலைநிலத்து விக்கன்பர்க் என்னும் ஊர் இத்தகைய பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. மாட்டு வாணிபம் தளர்ந்த காலத்தில், பழைய வாழ்வின் தோற்றமே அங்கு விற்பனைப் பொருளாயிற்று. ஊவாவில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

பங்களாக்களுக்கு முன்னர் இம்மலையில் பிரயாணிகளுக்கு உதவியவை வாடிவீடுகள். அப்புத்தளை வாடிவீட்டின் பெயர் சரித்திரத்தில் இடம்பெற்றது ஒரு துயரச் சம்பவத்தால். பதுளையில் அரசாங்க உயர் அதிகாரியாயிருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனப் பேசப்பட்டவர். 1845இல் அவ்விடத்தில் அவர் இடிவீழ்ந்து மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதாகும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கியது. அவ்வாறு பெற்ற நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் சென்ற அதே புகையிரதம் பின்னாளில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றி வந்தது.

இத்தோட்டங்களின் அமைப்பே ஓர் ஆட்சிமுறையின் படம். காற்றும் காட்சியும் மிகுந்த முகட்டில் பெரிய துரையின் பங்களா. சற்றுக் கீழே சின்னத்துரையின் வீடு. அதன்கீழ் உத்தியோகத்தர் குடியிருப்பு. சரிவிலும் பள்ளத்திலும் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்களே அக்குடும்பங்கள். துரையைக் கண்டால் தலைப்பாகையை அவிழ்த்து, குடையை மடக்கி, பாதையோரம் ஒதுங்கி நிற்க வேண்டுமென்பது எழுதாச் சட்டம். பங்களாவின் அடுப்பங்கரையிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களுக்கும் பின்வாசலே வழி.

இப்பங்களாக்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது, தங்கமலைச் சரணாலயத்தின் அருகே அமைந்த அடிஷாம் மாளிகை. ஆங்கிலப் பிரதம மந்திரி ஜோன் ரசல் பிரபுவின் பேரனும், கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராயிருந்தவருமான சேர் தோமஸ் வில்லியர்ஸ், 1931இல் அதனைக் கட்டுவித்தார். கென்ட் மாகாணத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். கருங்கற் சுவர்களும், நூலறையும், ரோஜாத் தோட்டமும் கொண்ட அவ்வீடு, அந்நிய மண்ணில் எழுப்பப்பட்ட தாயக ஏக்கம் எனலாம். 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. துறவிகள் பழப்பாகு தயாரித்து விற்பதோடு, விருந்தினருக்கும் அறைகள் அளித்து வருகின்றனர்.

ஏனைய பங்களாக்களின் கதி வேறு. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. துரைமார் குறைந்து பெரிய வீடுகள் வெறுமையுற்றபோது, அவற்றுட் சில விடுதிகளாயின. பழைய கணப்படுப்பு, வெள்ளிக் கரண்டிகள், விறாந்தையில் மாலைத் தேநீர் ஆகியவை இன்றும் விருந்தினருக்குக் கிட்டுகின்றன.

ஆனால் இவ்வீடுகளைச் சூழ வாழ்ந்தவர்களின் வரலாறு அத்துணை இனிமையானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியவரெனப் பங்கிட்டது. எஞ்சியவர்களின் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

வீட்டின் இருப்பிடமே உயிரைத் தீர்மானிக்கும் என்பதற்கும் இவ்வட்டாரமே சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பெரகலவுக்கு அண்மையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடிற்று. பலர் மண்ணுள் மறைந்தனர். சிலரின் உடல் கூட மீளவில்லை. அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காட்சிக்காக முகட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஒருசாராருக்கு இருந்தது. பள்ளத்தை மறுக்கும் உரிமை மறுசாராருக்கு இருக்கவில்லை.

இதனால் பழைய பங்களாக்களில் தங்குவது தகாதென்று பொருளன்று. வீடு இடிந்தால் அதனோடு வரலாறும் இடியும். விருந்தினர் வருகை அவற்றைக் காக்கின்றது. எனினும் பங்களாக்களில் விருந்தினர் கையெழுத்திடும் புத்தகம் ஒன்று இருப்பதுபோல, தோட்ட அலுவலகங்களில் செக்றோல் என்னும் பேரேடு ஒன்றும் இருந்தது. அதில் ஒருநாள் உழைப்பே ‘ஒரு பேர்’. கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரையே கூலியின் அளவாக்கிய ஏடு அது. இவ்விரு புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கே அம்மாளிகைகளின் சரித்திரம் முழுமையாக விளங்கும். கணப்படுப்பின் இதத்தை அனுபவிக்கும் விருந்தினர், அதற்கு விறகு சுமந்தவரின் பெயரையும் கேட்டறிதல் நன்று.